பங்கருக்குள் தண்ணீர்

1

கனடாவில் மழை பெய்வது காதுக்குத் தெரியாது. கூரைக்குக் கீழே பஞ்சு, பஞ்சுக்குக் கீழே பலகை, யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. வெளியே இரண்டு நாள் விடாமல் ஊற்றினாலும் வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மட்டும்தான் கேட்கும். போன ஐப்பசிக் கடைசியில் அப்படித்தான் நடந்தது. மூன்றாம் நாள் காலை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது ஒரு மணம் வந்தது. நனைந்த மண்ணும் பழைய சீமெந்தும் சேர்ந்த மணம். கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே வீட்டை நிலத்தின் மேல் மட்டும் கட்டுவதில்லை. முதலில் ஆளுயரத்துக்கும் மேலாகக் கிடங்கு வெட்டி, நாலு பக்கமும் கொங்கிறீட் சுவர் எழுப்பி, அதற்கு மேலேதான் வீடு. அந்தக் கிடங்கைப் பேஸ்மன்ட் என்பார்கள். சிலர் அதில் பழைய சாமான் வைப்பார்கள், சிலர் பிள்ளைகளைப் படுக்க விடுவார்கள். எங்கள் வீட்டில் குசினிக்குள் இருக்கிற ஒரு கதவைத் திறந்தால் அங்கே இறங்கும் படிகள்.

இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருடம். அந்தப் படிகளில் நான் கடைசிப் படிவரை இறங்கியது நாலைந்து தடவைதான். உடுப்பு தோய்க்கிற மெசின் முதலில் கீழேதான் இருந்தது. முழங்கால் நோகுது என்று சொல்லி அதை மேலே கொண்டுவரச் செய்தேன். என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் முழங்கால் என்றுதான் சொல்லியிருப்பேன். பொய் சொன்ன எனக்கு முழங்கால் நல்லாக இருக்கிறது. அவருக்குத்தான் அந்த ஐப்பசியில் முழங்கால் ஒப்பரேசன்.

கதவைத் திறந்து மேற்படியில் நின்று பார்த்தேன். கீழே வெளிச்சம் குறைவு. கணவரின் ரப்பர்ச் செருப்பு ஒன்று மெதுவாக மிதந்து வந்து கடைசிப் படியில் முட்டியது. பின்னுக்குப் போனது. திரும்பவும் வந்து முட்டியது.

"என்னப்பா மணக்குது?" என்று அவர் கட்டிலில் இருந்தே கேட்டார்.

"தண்ணி வந்திட்டுது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

வீட்டுக் காப்புறுதிக்காரருக்கு நான்தான் போன் எடுத்தேன். மகள் ஆரணி மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். அப்பாவின் ஒப்பரேசனுக்காக வேறு நகரத்திலிருந்து வந்திருந்தவள். போனில் வந்த பையனின் குரல் மரியாதையானது. தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்து ஊறியதா, பக்கச் சுவரால் வந்ததா, கழிவுக் குழாயால் திரும்பி வந்ததா என்று கேட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சட்டமாம். எனக்குத் தெரியாது என்றேன். பார்க்க முடியுமா என்றான். முடியாது என்றேன். அப்படியானால் என்ன நடந்தது என்று உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள் என்றான்.

முப்பது வருடமாக இங்கிலீஷ் பேசுகிறேன். ஆஸ்பத்திரி உணவுப் பகுதியில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு நான்தான் கடிதம் வாசித்துச் சொல்கிறவள். ஆனால் அன்றைக்கு என் வாய் சொன்னது இதுதான்: "எங்கள் பங்கருக்குள் தண்ணீர் வந்துவிட்டது."

 அவன் கவனமாகக் கேட்டான். "அம்மணி, உங்கள் காணியில் பங்கர் இருக்கிறதா? அதை விண்ணப்பத்தில் தெரிவித்திருக்கிறீர்களா?"

ஆரணி மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

2

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிக்கு உள்ளே போகிற பாதையில், வட்டை என்கிற வயல்வெளியை ஒட்டினாற்போல் இருந்தது. வாசலில் நின்றால் எங்கள் வட்டையின் பச்சை முழுவதும் தெரியும். சண்டை கூடிய வருடம் அப்பா வீட்டுக்குப் பின்னால், குண்டு விழும்போது பதுங்குவதற்குப் பங்கர் வெட்டினார். எனக்குப் பதினொரு வயது, தங்கச்சி கோமதிக்கு ஏழு. அப்பா வெட்ட, அம்மா மண்ணைக் கூடையில் அள்ள, நானும் கோமதியும் யூரியாச் சாக்குகளில் அந்த மண்ணை நிரப்பினோம். மேலே தென்னங்குற்றிகளை அடுக்கி, குற்றிகளுக்கு மேல் சாக்கு மூட்டைகளைப் போட்டு மூடினார். உள்ளே இறங்க ஒரு வாய், அதில் நாலு மண்படி. ஐந்து பேர் ஒடுங்கி இருக்கலாம். நாங்கள் நாலு பேர்தான்.

அது கோடை. மண் காய்ந்து கிடந்தது. பங்கருக்குள் குளிர்மையாக இருக்கும். கோமதி தன் சிரட்டைகளை எல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்து, வெயில் நேரம் முழுதும் அதற்குள் சோறு கறி ஆக்கி விளையாடினாள். "அக்கா, வந்து சாப்பிடு" என்று கீழிருந்து கூப்பிடுவாள்.

மாரி தொடங்கியதும் அப்பா பங்கர் வாயைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரம்பு கட்டினார். வரம்புக்கு வெளியே சின்ன வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரை வேலிப்பக்கம் திருப்பினார். வரம்பு கட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் அவர் வாழ்நாள் முழுதும் வரம்பு கட்டியது தண்ணீரை உள்ளே நிறுத்துவதற்கு. வெளியே நிறுத்துவதற்குக் கட்டியது அதுதான் முதல்தடவை.

மேலால் வந்த தண்ணீரை அந்த வரம்பு நல்லாகத்தான் தடுத்தது. கீழால் வந்ததை அதால் தடுக்க முடியவில்லை. எங்கள் பக்கம் மாரியில் இரண்டு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஒவ்வொரு நாளும் பங்கருக்குள் முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு ஏறும். காலையிலும் பின்னேரமும் வாளியால் இறைக்கவேண்டும். அந்த வேலை எனக்கும் கோமதிக்கும். நான் கீழே நின்று அள்ளிக் கொடுப்பேன், அவள் மேலே நின்று வாங்கி ஊற்றுவாள். பாதியை என் தலையில் ஊற்றுவாள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு மூன்று நாள் சும்மா இருந்தேன்.

3

நசீர் நானா, முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், காத்தான்குடி ஆள். ஊரில் மேசன், இங்கே வந்தும் மேசன். வீடு திருத்துகிற எல்லா வேலையும் தெரியும். எங்கள் பகுதியில் இருக்கிற மட்டக்களப்பு ஆட்களுக்கு எது உடைந்தாலும் அவருக்குத்தான் போன் போகும். அன்று பின்னேரமே வான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். ஒரு பம்பை இறக்கித் தண்ணீரை வெளியே ஓடவிட்டார். இனித்தான் சுவரைக் குடையப்போகிறார் என்று நான் நினைக்க, அவர் குடையை விரித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

"நானா, தண்ணி உள்ளுக்கில்லா நிக்கிது?" என்றேன்.

"உள்ளுக்கு நிக்கிற தண்ணி வெளியில இருந்துதானே தங்கச்சி வந்தது. வாங்க, காட்டுறன்."

அவர் காட்டியதை எழுதுகிறேன். இங்கே வீடு வாங்குகிற எங்கள் பிள்ளைகள் யாருக்காவது உதவும்.

முதலில் மேலே காட்டினார். கூரை ஓரத்துப் பீலி முழுக்க மேப்பிள் இலை. இலை அடைத்தால் தண்ணீர் பீலியால் ஓடாமல் வழிந்து நேரே சுவரடியில் விழும். வருடத்தில் இரண்டு தடவை, இலை கொட்டி முடிந்த பிறகு ஒருக்கா, பனி உருகிய பிறகு ஒருக்கா, அதைத் துப்புரவாக்கவேண்டும். பிறகு பீலியிலிருந்து இறங்குகிற குழாயைக் காட்டினார். கூரைத் தண்ணீர் முழுவதையும் அது கொண்டுவந்து சுவருக்குப் பக்கத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இன்னொரு குழாயைப் பூட்டி, ஆறடியாவது தள்ளி விடவேண்டுமாம்.

பின்பக்கம் போனதும் நின்றார். சுவரோரம் என் தோட்டம். கத்தரி, மிளகாய், வல்லாரை. இலையுதிர்காலம் என்பதால் வெறும் பாத்தி.

"இது ஆரு வெட்டினது?"

"நான்தான் நானா."

"நல்லா வெட்டியிருக்கீங்க. வீட்டுக்குள்ள தண்ணி பாய்ச்சிறத்துக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பதினெட்டு வருடம் கொத்திக் கொத்தி, நான் அந்த மண்ணைச் சுவர்ப்பக்கம் பள்ளமாக்கியிருந்தேன். மழைத்தண்ணீர் தோட்டத்தில் தேங்கி, சுவரில் இருந்த ஒரு மெல்லிய வெடிப்பால் இறங்கியிருக்கிறது. மண்ணைச் சுவரடியில் உயர்த்தி வெளிப்பக்கம் சரிவாக்கவேண்டும், களிமண் போட்டு இறுக்கவேண்டும், பாத்தியை வேலியோரம் கொண்டுபோகவேண்டும். நிலத்துக்குக் கீழே தாழ்ந்திருக்கிற யன்னலுக்கு முன்னால் உள்ள குழிக்குப் பிளாஸ்டிக் மூடி போடவேண்டும். வெடிப்புக்கு உள்ளிருந்து மருந்து அடைக்கவேண்டும். ஆனால் அது கடைசி வேலை. வெளியே ஒன்றும் செய்யாமல் உள்ளே மட்டும் அடைத்தால் தண்ணீர் வேறு இடம் பார்க்கும் என்றார்.

"நம்மட ஊருல வெள்ளம் வந்தா என்ன செய்வாங்க? முகத்துவாரத்த வெட்டி விடுவாங்க. வாவித் தண்ணி கடலுக்குப் போகும். இதுவும் அதே வேலைதான், சின்னதா."

பிறகு, "கீழ வாங்க, வெடிப்பக் காட்டுறன். நீங்களும் பாத்து வெச்சா நல்லம்" என்றார்.

நான் குசினிக் கதவுவரை போனேன். மேற்படியில் ஒரு காலை வைத்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பம்ப் கடைசித் தண்ணீரை உறிஞ்சும்போது ஒரு சத்தம் வருகிறதே, தொண்டையில் அடைத்ததுபோல், அது வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நானா நாலு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். பிறகு மேலே ஏறி வந்தார்.

"வேணாம் தங்கச்சி. நான் போட்டோ எடுத்துக் காட்டுறன்." கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இருபத்தஞ்சு வருசமா நம்மட ஆக்கள்ற வீடுகளுக்குப் போய் வாறன். பேஸ்மன்டுக்கு இறங்காத ஆக்கள் நீங்க மட்டும் இல்ல. நான் ஒருத்தரிட்டயும் என்னெண்டு கேக்கிறல்ல."

4

இரண்டு கிழமையில் காப்புறுதிக் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. சுவரால் கசிந்த தண்ணீருக்கு அவர்களுக்குப் பொறுப்பில்லையாம். அதோடு இன்னொரு படிவமும் இருந்தது. தலைப்பு, 'காணியிலுள்ள தெரிவிக்கப்படாத கட்டடங்கள்.' பங்கரின் நீளம், அகலம், ஆழம் என்ன? எதனால் கட்டப்பட்டது? எந்த வருடம்? என்ன பயன்பாட்டுக்கு? தற்போது யார் பாவிக்கிறார்கள்?

ஆரணி அதை வாசித்துச் சிரித்தாள். "அம்மா, இது உங்கட போன் கோல்ல வந்தது. நான் எழுதிறேன், பங்கர் ஒண்டும் இல்லை, அது பிழையான சொல் எண்டு. சரிதானே?"

"பிழையான சொல்தான்" என்றேன். "ஆனா பங்கர் இருந்தது."

"எங்க?"

நான் மேசையில் அவளுக்கு எதிரே இருந்தேன். காலை வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. அடுத்த கிழமை கோமதியின் ஆண்டுத் திவசம். ஒவ்வொரு வருடமும் கோயிலில் அவளுக்கு மோட்ச அருச்சனை செய்வேன். ஆரணிக்கு, சண்டையில் செத்த ஒரு சித்தி இருந்தாள் என்ற அளவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. படிவத்தின் முதல் கேள்விக்கு விரலை வைத்தேன். "எட்டடி நீளம்" என்றேன். "மூண்டடி அகலம். உங்கட தாத்தா வெட்டினவர்."

அங்கிருந்து சொல்லத் தொடங்கி, சொல்லாமல் வைத்திருந்த இடத்துக்கும் வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை மழை விடவில்லை. எனக்கு இறைத்து இறைத்துக் கை விட்டுப்போனது. ஒரு பின்னேரம் அம்மா எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். தண்ணீர் இடுப்பளவு நின்றது. எனக்கு இறங்க மனமில்லை. கோமதியிடம் சொன்னேன், "உள்ளுக்குள்ள பாம்பு கிடக்கு. இப்பதான் கண்டன். பெரிசு." அவள் வாளியைப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினாள். நானும் பின்னால் போய், ஓம் அம்மா, கிடக்கு என்றேன். அப்பா வரட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்றார் அம்மா. அன்றைக்குத் தண்ணீர் இறைக்கப்படவில்லை. நான் சந்தோசமாகப் போய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை அப்பா வட்டைக்குப் போய்விட்டார். முதல் ஷெல் எங்கோ தள்ளித்தான் விழுந்தது. யார் அடித்தது, எங்கிருந்து அடித்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மா கத்தினார். மூன்று பேரும் பின்பக்கம் ஓடினோம். பாம்பு இல்லை என்று எனக்குத் தெரியும்தானே, நான்தான் முதலில் குதித்தேன். மண்படி கரைந்து போயிருந்தது. கால் வழுக்கி முழுதாகத் தண்ணீருக்குள் போய்விட்டேன். வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் சேற்றுத் தண்ணீர். அம்மாவின் கை என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கியது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்க, கோமதி பங்கர் வாயில் நிற்கிறாள். வெளிச்சம் அவளுக்குப் பின்னால். "பாம்பு" என்று கத்திவிட்டுத் திரும்பி வீட்டுப்பக்கம் ஓடினாள்.

அவள் முற்றத்தைக் கடக்கவில்லை.

"எனக்குப் பதினொரு வயசு" என்று ஆரணியிடம் சொன்னேன். "அந்தப் பாம்ப நான்தான் அங்க விட்டன்."

 இந்த மாதிரி நேரத்தில் இங்கத்தைய பிள்ளைகள் சொல்கிற ஆறுதல் வார்த்தைகள் இருக்கின்றன. அது உங்கள் தவறு இல்லை, நீங்கள் குழந்தை என்று. அதை அவள் சொல்லாதது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அவள் சொன்னது வேறு.

"என்ட பிரண்ட்ஸ் வந்து கீழ விளையாடினா, நீங்க மேல நிண்டுதான் கூப்பிடுவீங்க. ஒருநாளும் இறங்கி வரமாட்டீங்க. ஸ்லீப்ஓவர் கேட்டா ஏசுவீங்க. நான் நினைச்சது உங்களுக்கு அவங்களப் பிடிக்காது எண்டு. மறுகா என்னயும் பிடிக்காது எண்டு."

அதனால்தான் அவள் பதினெட்டு வயதில் அவ்வளவு தூரத்தில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்குப் போனாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் கையில் பேனை இருந்தது. படிவத்தில் கடைசிக் கேள்வி, தற்போது யார் பாவிக்கிறார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மம்மாக்கு இது தெரியுமா? பாம்பு?"

"தெரியாது."

"அம்மம்மாக்கு இப்ப எத்தின வயசு?"

 அவள் விடைக்காகக் கேட்கவில்லை.

5

அம்மாவுக்கு எழுபத்தெட்டு. அப்பா போன பிறகு மட்டக்களப்பு டவுனில் என் சின்னம்மாவின் மகள் வீட்டோடு இருக்கிறார். எனக்குக் காலை எட்டு மணி என்றால் அவருக்கு விளக்கு வைக்கிற நேரம். ஞாயிறு தவறாமல் கதைப்போம். என்ன கறி, யாருக்குக் கலியாணம், மழை எப்படி, பிறசருக்கு மருந்து எடுத்தீங்களா. முப்பது வருடமாகக் கதைத்துவிட்டோம், கோமதியைப் பற்றி மட்டும் கதைத்ததில்லை. ஆண்டு வரும்போது மட்டும், "கோயிலுக்குப் போனியா?" என்று கேட்பார். "ஓம் அம்மா" என்பேன்.

அந்த ஞாயிறும் கேட்டார். நான் ஓம் என்றேன். பிறகு, "அம்மா, நான் ஒரு விசயம் சொல்லோணும்" என்று தொடங்கினேன். பாம்பைப் பற்றிச் சொன்னேன். இறைக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் சொன்ன பொய் என்று சொன்னேன். அதனால்தான் அவள் இறங்காமல் ஓடினாள் என்று சொன்னேன். 

 லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"பாம்பா?" என்றார் கடைசியில். "அங்க பாம்பு இல்லையெண்டு எனக்குத் தெரியும் புள்ள. அண்டைக்குப் பொழுதுபடவே டோர்ச் அடிச்சுப் பாத்தனான். நீ பஞ்சியில சொன்ன எண்டும் தெரியும். அவளிட்டயும் சொன்னன், அக்கா பகிடிக்குச் சொன்னவ, பாம்பு இல்ல எண்டு. அவள் சிரிச்சவள்."

"அப்ப ஏன் அம்மா ஓடினவள்?"

 பிறகு வந்த குரல் என் அம்மாவின் குரல் மாதிரியே இல்லை. சின்னதாக, யாருக்கோ பயந்த குரல்.

"நீ தண்ணிக்குள்ள தாண்டுபோனாய். நான் அவளக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டன். உன்ர தல தெரியல்ல. ஒரு கையால உன்னத் தூக்க ஏலாமப் போயித்து. அவள்ட கைய விட்டிட்டுத்தான் நான் இறங்கினன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் கைய விட்டதாலதான் அவள் ஓடினவள். நீ கண்டிருப்பாய் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். அதால நீ என்னோட அதக் கதைக்கிறல்ல எண்டு நினைச்சன். நாட்ட விட்டுப் போனதும் அதாலதான் எண்டு நினைச்சன்."

"நான் காணல்ல அம்மா. எனக்குக் கண்ணெல்லாம் சேறு. அவள் பாம்பு எண்டு கத்தினது மட்டும்தான் கேட்டது."

"பாம்பு எண்டு ஆரு சொன்ன? அவள் 'அம்மா' எண்டுதான் கத்தினவள்."

என் காதுக்குள் அன்றைக்குத் தண்ணீர் இருந்தது. அதை நான் இவ்வளவு காலமும் யோசிக்கவே இல்லை. முப்பத்தைந்து வருடமாக ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லையாம். அம்மா என்னை ஆற்றுவதற்காக அப்படிச் சொன்னாரா, உண்மையே அதுதானா, எனக்குத் தெரியாது. ஆற்றுவதற்காக ஒருத்தி இப்படி ஒன்றைத் தன் தலையில் போட்டுக்கொள்வாளா? அம்மா என்றால் போட்டுக்கொள்ளக்கூடும். நான் உயிரோடு இருப்பதற்கு யாருடைய கை விடப்பட்டது என்று தெரிந்துகொண்டதைவிட, பாம்பே லேசாக இருந்தது என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நிமிடத்துக்காக வெட்கப்படுகிறேன்.

இரண்டு பேரும் அழவில்லை. போனைக் காதில் வைத்தபடி அவர் அங்கே இருந்தார், நான் இங்கே இருந்தேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் அம்மா.

"இனித்தான்" என்றேன்.

6

படிவத்தை ஆரணிதான் நிரப்பினாள். 'தற்போது அப்படி ஒரு கட்டடம் இல்லை' என்று ஒரே வரி. கொம்பனி அதை ஏற்றுக்கொண்டு நன்றி சொல்லிப் பதில் போட்டது.

நசீர் நானா தன் வேலையாளோடு வந்து, நிலம் உறைவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். பீலி துப்புரவு, நீண்ட குழாய், யன்னல் குழிக்கு மூடி. சுவரடி மண்ணை நானே உயர்த்தினேன். களிமண்ணை மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி இறுக்கினேன். எங்கே கற்றுக்கொண்டேன் என்று நானா கேட்டார். அப்பா கட்டியதைப் பார்த்திருக்கிறேன் என்றேன். "வரம்பு மாதிரியே இரிக்கி" என்றார்.

ஆரணி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அவள் கொம்பனி சொல்லிவிட்டதாம். கீழே தனக்கு ஒரு அறை ஒழுங்குபடுத்தித் தந்தால் இங்கேயே இருந்துவிடுவதாகச் சொன்னாள். இதே கேள்வியைப் போன வருடமும் கேட்டாள், நான் முடியாது என்றேன், அவள் மூன்று மாதம் வரவில்லை. இந்தமுறை, "முதல் ஒரு மழை வந்து போகட்டும்" என்றேன்.

மழை கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியற்காலையில் தொடங்கியது, எட்டு மணிக்கும் நிற்கவில்லை. அம்மாவோடு கதைக்கிற நேரம். அன்றைக்குத்தான் முதல்தடவையாக அம்மா வீடியோவில் வந்தார். சின்னம்மாவின் மகள் போனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு கண்ணில் வெண்படலம், இன்னும் ஒப்பரேசன் செய்யவில்லை. முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"அங்க மழையா?"

"ஓம் அம்மா."

"நீ சொன்ன அந்தக் கீழ் அறைக்குள்ள தண்ணி வந்திட்டுதா?"

"இன்னும் பாக்கல்ல."

"போய்ப் பாரு. எனக்கும் காட்டு."

கதவைத் திறந்தேன். லைட்டைப் போட்டேன். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்தேன். கடைசிப் படியில் நின்றேன். பிறகு நிலத்தில் கால் வைத்தேன். சீமெந்து குளிர்ந்தது. ஈரமில்லை.

"சுவரடியக் காட்டு" என்றார் அம்மா. காட்டினேன். "அங்கால மூலைய." அதையும் காட்டினேன். வெடிப்பு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும். கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நாலு மூலையையும் அம்மா பார்த்தார். ஒவ்வொன்றையும் அவசரப்படாமல், எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்தார். போனைத் திருப்பும்போது படிப்பக்கம் தெரிந்திருக்கவேண்டும்.

"நில்லு. அந்த வாசல்ல நிக்கிற புள்ள ஆரு?"

திரும்பிப் பார்த்தேன். ஆரணி மேற்படியில் நின்றுகொண்டிருந்தாள். குசினி வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்தது, முகம் தெரியவில்லை.

"ஆரணி, அம்மா" என்றேன்.

அம்மாவுக்கு அது கேட்டதோ தெரியாது. திரைக்கு இன்னும் கிட்ட வந்தார்.

"வெளியில நிக்க விடாத புள்ள. உள்ளுக்குக் கூப்பிடு."

 நான் கூப்பிட்டேன். "வா. இறங்கி வா."

ஆரணி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே பொழுதுபட்டுவிட்டது, விளக்கு வைக்கவில்லையா என்று யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அம்மா எழும்பவில்லை.